பாவு நூல்

சத்திரம் பேருந்து நிலையத்தில் திருவரங்கம் செல்லும் ஒன்றாம் எண் பேருந்துக்காகக் காத்திருக்கையில்தான் அந்த ஒலிப்பதிவைக் கேட்டேன். ஜாஸ் எனக்குப் பழக்கமில்லை. நடத்துநர்களின் கூவலுக்கிடையே டிரம்பெட் சுரம் ஒன்று காதில் நீண்டு அடங்கியது.

2016 மார்ச்சில் நியூயார்க்கில் மெட் ப்ராயர் அருங்காட்சியகம் நஸ்ரீன் முகமதியின் (1937–1990) கண்காட்சியோடு திறக்கப்பட்டபோது, அவருடைய கலைக்கு மறுமொழியாக அங்கே அரங்கேறிய இசைத்தொடர் அது. பியானோ, தமிழ்ப் பெற்றோரின் மகனான விஜய் ஐயர். டிரம்பெட், வாடாடா லியோ ஸ்மித். பரோடாவில் ஓவியம் கற்பித்த நஸ்ரீனின் கோடுகள், நரம்பு நோய் உடலைக் குலைத்த கடைசி ஆண்டுகளிலும் நடுங்கவில்லை. கடற்கரை, சாலை, தறி எனப் புகைப்படங்களும் எடுத்தார். வாழ்நாளில் அவற்றைக் காட்சிக்கு வைத்ததில்லை.

அந்தத் தறிப்படம் என்னை விடவில்லை. இழுத்துக் கட்டிய பாவு நூல்கள் மட்டுமே, நெய்பவர் இல்லை. உறையூரில் அப்பா இறந்தபின் அவருடைய குழித்தறியை விறகுக்குக் கொடுத்தோம். அதன் ஓசையை யாரும் பதிந்து வைக்கவில்லை. அதையே இந்த இசையில் தேடினேன் போலும். கிடைக்கவில்லை. நூலுக்கும் நூலுக்கும் இடையிலுள்ள வெளியைத்தான் இவர்கள் வாசிக்கிறார்கள் என்று இரண்டாம் முறை கேட்கையில் பட்டது. இருபது ஆண்டுகளாகப் பொழிப்புரை சொல்லிப் பிழைப்பவனுக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருந்தது.

மறுநாள் வகுப்பில் குறுந்தொகைப் பாடல் ஒன்றைப் படித்துவிட்டுப் பேசாமல் நின்றேன். ஒரு நிமிடம் இருக்கும்.

"ஐயா, பொருள்?" என்றாள் முன்வரிசை மாணவி.

சொல்லத் தொடங்கினேன்.