வாசல்ல கடமான்

நேத்து ராத்திரி, ஊட்டி.
வாசல்ல ஒரு கடமான். கேரட் தழைய மென்னுக்கிட்டே காதை மட்டும் என் பக்கம் திருப்புச்சு.

"ச்சூ... போ"ன்னேன், என்னமோ பக்கத்து வீட்டு ஆடு மாதிரி!
இந்தியாவிலேயே பெரிய மான் இனம். கிடா 200 கிலோவைத் தாண்டும்.
அது அசையல. நாந்தான் உள்ள போய் தாழ்ப்பாள் போட்டேன். வீரம்!

1879-லயே நீலகிரிக்குன்னு தனி வேட்டைச் சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். பாசமெல்லாம் இல்ல, சுடுறதுக்கு மான் மிச்சம் இருக்கணுமே!
1972 வனவிலங்குச் சட்டம் வந்து துப்பாக்கிய இறக்கி வெச்சுது.

இப்ப தெருநாய், வேகமா வர்ற கார், குப்பையில பாலிதீன்.

மசினகுடியில புள்ளிமான் கூட்டம் வீடுகளுக்கு நடுவுலயே மேயுது. மனுஷங்க பக்கத்துல இருந்தா புலி வராதுன்னு கணக்குப் போடுதோ என்னவோ.

நம்மள நம்பலாம்னு அதுக்கு யாருங்க சொன்னது?