செல்லோவும் பியானோவும்

பியானோவும் செல்லோவும் சரிசமமாகப் பேசும் சொனாட்டா பீத்தோவனிடம்தான் தொடங்குகிறது. அதற்கு முன் விவால்டி போன்றோர் எழுதிய செல்லோ சொனாட்டாக்களில் கீபோர்டு வாசிப்பவருக்குக் கீழ்ஸ்தாயி வரி மட்டுமே தரப்பட்டது. மேலே வரும் ஸ்வரக்கூட்டுகளை அவரே இட்டு நிரப்பிக்கொள்ள வேண்டும். ஹைடனும் மோட்சார்ட்டும் இந்த இணைக்கு ஒரு முழு சொனாட்டாகூட எழுதிவைக்கவில்லை.

1796-இல் பெர்லின் சென்ற பீத்தோவன், ஓபஸ் 5 என்ற எண்ணில் இரண்டு சொனாட்டாக்களை எழுதினார். அங்கே ஆண்ட பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் வில்லியம் தாமே செல்லோ வாசிப்பவர். ஆனாலும் அவற்றில் பியானோவின் கையே ஓங்கியிருக்கிறது. விளம்பமான தனிப் பகுதியும் இரண்டிலும் கிடையாது.

இரண்டையும் சரிசமமாகப் பேசவைப்பதில் உள்ள சிக்கல் வாத்தியங்களின் இயல்பிலேயே இருக்கிறது. செல்லோவின் குரல் பெரும்பாலும் பியானோ வாசிப்பவரின் இடக்கை விழும் அதே ஸ்தாயியில் ஒலிக்கிறது. அங்கே அடர்த்தியாக நாலு ஸ்வரம் விழுந்தால் செல்லோ அமுங்கிப்போகும். மறுபக்கம், வில்லால் இழுக்கும் ஸ்வரம் நீளும், வளரும். பியானோவின் ஸ்வரமோ தட்டிய கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடும்.

1808-இல் முடிந்த ஏ மேஜர் சொனாட்டா (ஓபஸ் 69) இதற்குக் காணும் வழி வியக்க வைப்பது. செல்லோ தன்னந்தனியாகத் தொடங்குகிறது; பியானோ வாய் திறப்பதில்லை. மெட்டு இறங்கி இறங்கி, அடித்தந்தியில் ஒரு நீண்ட ஸ்வரமாக நிற்கும்போது பியானோ அதற்கு மேலே நுழைந்து வாக்கியத்தை முடித்துவைக்கிறது. பிறகு பியானோ அதே மெட்டைத் தொடங்க, செல்லோ முடிக்கிறது. ஒருவர் ஒலிக்கும் இடத்தை மற்றவர் விட்டுக்கொடுப்பதே இங்கே இசையாகிவிடுகிறது. பீத்தோவனின் ஐந்து செல்லோ சொனாட்டாக்களிலும் இவ்வளவு தாராளம் வேறெதிலும் இல்லை. இதன் அடாஜியோ என்ற மெதுவான பகுதி மட்டும் வெறும் 18 பார்களில் முடிந்து ஏங்கவைக்கும்.

அந்த ஏக்கம் 1815-இல் தீர்ந்தது. ஓபஸ் 102-இன் இரண்டாவது சொனாட்டாவில்தான் முழுநீள அடாஜியோ வருகிறது. டி மைனரில் மெல்ல நகரும் அந்தப் பகுதியில் செல்லோவின் நீளும் குரலுக்கு முழு இடமும் கிடைக்கிறது. அதை அடுத்து வரும் ஃபியூக், அதாவது ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றையொன்று பின்தொடர்ந்து எடுக்கும் பகுதி, கரடுமுரடானது. கேட்கக் கேட்கத்தான் பிடிபடும்.

பின்னால் ஷோப்பான், ராக்மானினோவ், டெபுசி எனப் பலரும் இந்த இணைக்கு எழுதினார்கள். பிராம்ஸ் 1865-இல் முடித்த இ மைனர் சொனாட்டாவின் இறுதிப் பகுதியும் ஃபியூக் பாணியில் அமைந்ததே. அங்கே பியானோ சற்றே ஓங்கினாலும் செல்லோவின் வரி காணாமல் போகும். தேர்ந்த இணைகளுக்கும் அது கடினமான சோதனை.