பத்துப் பேர் வேண்டும்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் மிளகு மூட்டைகள் அடுக்கியிருந்த இடங்களில் இப்போது பழம்பொருள் கடைகள். கோவையிலிருந்து வந்த அந்தக் குடும்பம் தெருக்கோடியில் பரதேசி யூத ஆலய வாசலில் செருப்பைக் கழற்றியது. 1568-ல் கட்டியது; எதையும் தொடக்கூடாது. தரையை மிதிக்காமல் முடியுமா? 18-ம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த ஓடுகள். வெள்ளையில் நீலம், கையால் தீட்டியவை. ஒன்றுபோல் இன்னொன்று இல்லை என்பார்கள். பேத்தி விடுவாளா? குனிந்து ஜோடி தேடினாள். "ஜில்லுன்னு இருக்குது அம்மிச்சி!"

பாட்டிக்கு வேறு கவலை. "இங்கே பூஜை நடக்குதா?"

பொது வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்றார் மருமகன். 1948-ல் இஸ்ரேல் பிறந்த பிறகு குடும்பம் குடும்பமாகப் போய்விட்டார்கள். வெளியூர் யூதர்கள் வந்தால்தான் இப்போது கணக்குச் சேரும்.

"நம்மூர்ப் பெருமாள் கதைதான்" என்றார் பாட்டி. அங்கும் அர்ச்சகர் பக்கத்து ஊரிலிருந்து மொபெட்டில் வருகிறார், விளக்கேற்றியதும் கிளம்பிவிடுவார்.

அதே தெருவில், 2019-ல் 96 வயதில் மறைந்த சாரா கோஹனின் பூத்தையல் கடை. கடைசிக் காலத்தில் அவரையும் கடையையும் பார்த்துக்கொண்டவர் தாஹா இப்ராஹிம் என்ற முஸ்லிம். அங்கே தொடலாம். பாட்டி ஒரு துணியைப் புரட்டி, பின்பக்கத் தையலை விரலால் தடவிப் பார்த்தார். சப்பாத் ரொட்டியை மூடும் துணியாம். பேரம் பேசாமல் ஒன்று வாங்கினார், வீட்டில் பெருமாள் படத்தின் முன்னால் விரிக்க.