எனக்கு மட்டும் தெரிந்த சர்வர்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்தில் ஏழு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். சர்வர், பிரிண்டர், வைஃபை, முதலாளி வீட்டு சிசிடிவி எல்லாவற்றுக்கும் நான் ஒரே ஆள். 2018-இல் பழைய விண்டோஸ் சர்வர் படுத்துவிட்டது. "தம்பி, லைசென்ஸ் காசு இல்லாம ஏதாச்சும் பண்ண முடியுங்களா?" என்று முதலாளி கேட்டார். வேறு யாரைக் கேட்டிருந்தாலும் லினக்ஸ் என்று சொல்லியிருப்பார்கள். நான் ஃப்ரீபிஎஸ்டி போட்டேன்.

கொஞ்சம் பிரியம், கொஞ்சம் திமிர். இரண்டும் உண்டு.

பிரியத்துக்குக் காரணம் இருந்தது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த யுனிக்ஸின் நேர் வாரிசு அது. 1993-இல் ஃப்ரீபிஎஸ்டி என்ற பெயரில் வெளிவந்தது. அந்த யுனிக்ஸின் நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஏடி அண்ட் டியின் கிளை நிறுவனம் 1992-இல் வழக்குப் போட்டது. 1994-இல் சமரசம் ஆகும்வரை இதை நம்பி இறங்கலாமா என்று பலர் தயங்கினார்கள். லினக்ஸ் வேகமாக வளர்ந்தது அந்த இடைவெளியில்தான். ஆக, இது தோற்றது தரத்தினால் இல்லை என்று என்னைப் போன்றவர்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வோம். நெட்ஃப்ளிக்ஸ் படங்களை அனுப்பும் பெட்டிகளில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. பிளேஸ்டேஷன் 4-க்கு அடியில் இருப்பதும் அதன் வழிவந்ததுதான். இதையெல்லாம் முதலாளியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம பில்லு ஓடுமுங்களா?" என்றார். ஓடும் என்றேன்.

ஓடவும் செய்தது. மெர்ச்சண்டைசர் ஒருவர் ஒரு பையருடைய மொத்த ஃபோல்டரையும் தெரியாமல் அழித்துவிட்டு, முகம் வெளுத்து வந்து நின்றார். சர்வரில் இசட்எஃப்எஸ் இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை ஸ்னாப்ஷாட் எடுத்து வைக்கும்படி செய்திருந்தேன். இரண்டு நிமிடத்தில் மீட்டுக் கொடுத்தேன். அன்று மதியம் எனக்கு பிரியாணி வந்தது.

தொல்லைகள் எல்லாம் சின்னச் சின்னதாக வந்தன. மதர்போர்டில் இருந்த ரியல்டெக் நெட்வொர்க் சிப், ஃபைல் போக்குவரத்து அதிகமானால் மூச்சு நின்றுபோகும். தனியாக ஓர் இன்டெல் கார்டு வாங்கிப் போட வேண்டியிருந்தது. வருகைப்பதிவு மெஷின் விற்றவர் கொடுத்த மென்பொருள் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மட்டும்தான். "அது என்னங்க, ஃப்ரீ?" என்று போனில் சிரித்தார். பைத்தானில் ஒரு சின்ன ரிப்போர்ட் எழுத பாண்டாஸ் வேண்டும். லினக்ஸ் என்றால் தயாராகக் கட்டிவைத்த பொதி அரை நிமிடத்தில் இறங்கிவிடும். பிப் மூலம் போட்டால் ஃப்ரீபிஎஸ்டிக்கு அப்படி ஒன்று கிடைக்காது, மூலநிரலிலிருந்து கட்ட வேண்டும். அந்த ஏழை சர்வர் இரவெல்லாம் கட்டி, விடிகாலையில் ஒரு பிழைச் செய்தியைத் துப்பும். டாக்கர் இமேஜ் எல்லாம் லினக்ஸ் கெர்னலுக்குச் செய்தவை. அதற்கு உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்து, அதில் லினக்ஸைப் போட வேண்டும். அப்படியே செய்தேன். எதற்காக இந்தச் சுற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்குத் தெரிந்தவர்கள் அங்கே இல்லை.

ஒவ்வொன்றையும் தீர்த்தபோது எனக்கு சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வேறு யாருக்கும் தெரியாத ஒன்று தெரிந்திருப்பதில் ஒரு போதை இருக்கிறது.

2022-இல் எனக்கு உதவிக்கு ஒரு பையன் சேர்ந்தான். டிப்ளமோ முடித்தவன், சூட்டிகையானவன். யூடியூபைப் பார்த்தே லினக்ஸ் கற்றிருந்தான். இங்கே வந்து முதல் வாரமே தடுமாறினான். வெப் சர்வரின் கான்ஃபிக் ஃபைல் இருக்க வேண்டிய ஃபோல்டரில் இல்லை. அது வேறொரு மூலையில் இருந்தது. அவன் எழுதிய ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்றது, ஏனென்றால் பாஷ் அவன் நினைத்த இடத்தில் இல்லை. "ஏனுங்ணா, நெட்டுல போட்டிருக்கற எதுவுமே இங்க வேலைக்கு ஆவறதில்லீங்களே?" என்றான். "ஹேண்ட்புக்கைப் படி" என்றேன். உண்மையிலேயே நல்ல கையேடு அது. ஆனால் நான் சொன்ன தொனி நல்ல தொனி இல்லை.

அந்த வருடம் ஐப்பசியில் அம்மாயி இறந்துபோனாள். தாராபுரம் பக்கம் ஊர். பள்ளி விடுமுறை எல்லாம் அவளிடம்தான் கழிந்தது. பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்க வரிசையில் நின்றபோது போன் வந்தது. எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன்.

சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது. நாலு மணிக்குள் தூத்துக்குடிக்குக் கன்டெய்னர் கிளம்ப வேண்டும், இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்ட்டும் வரவில்லை. பையன் பழைய ஃபைல்களை அழித்துப் பார்த்திருக்கிறான். "அழிக்க அழிக்க இடம் கூட மாட்டேங்குதுங்ணா" என்றான், கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

கூடாது. அழித்த ஃபைல்களை ஸ்னாப்ஷாட்கள் பிடித்துக்கொண்டிருந்தன. எனக்கு பிரியாணி வாங்கித் தந்த அதே ஸ்னாப்ஷாட்கள். பழையவற்றைத் தானாகக் கழிக்கும் ஸ்கிரிப்டை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று நான்தான் நாலு வருடமாக விட்டிருந்தேன்.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் நின்று, எழுத்து எழுத்தாகச் சொன்னேன். இசட், எஃப், எஸ், ஒரு ஸ்பேஸ், டெஸ்ட்ராய். "டெஸ்ட்ராயாங்ணா?" என்று நிறுத்தினான். "ஆமா தம்பி. பேருக்கு நடுவுல ஒரு அட் குறி வரோணும். என்டர் தட்டறதுக்கு முன்னால படிச்சுக் காட்டு." "அட் விட்டுப்போச்சுன்னா என்னங்ணா ஆகும்?" ஸ்னாப்ஷாட்கள் இருக்கும்வரை அது மறுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது. நாலு வருட வியாபாரம் ஒற்றை எழுத்தில் தொங்குவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்தப் பயத்தை அவனுக்குக் கொடுத்தது நான்.

"மாப்ள, எடுக்கறாங்க, வா" என்று மாமா கூப்பிட்டார். இதோ என்று கையைக் காட்டினேன். நாற்பது நிமிடம் ஆனது. சர்வரில் இடம் வந்தது, கன்டெய்னர் கிளம்பியது. வாசலுக்கு வந்தபோது கட்டிலும் பந்தங்களின் கரியும்தான் கிடந்தன. சுடுகாட்டுக்கு ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன். யாரும் எதுவும் சொல்லவில்லை.

இதே இசட்எஃப்எஸ்ஸை லினக்ஸில் வைத்திருந்தாலும் இதே சிக்கல் வந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டிமேல் பழி போட முடியாது. ஆனால் லினக்ஸ் தெரிந்த ஆள் அடுத்த தெருவில் நாலு பேர் இருந்தார்கள். அவன் யாரையாவது கூட்டிவந்து காட்டியிருப்பான். அந்தப் பெட்டியைக் காட்ட ஊரில் என்னைத் தவிர ஆள் இல்லை. பிரபலமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் சிரமத்தை நாமே தாங்கிக்கொள்வதாக நினைக்கிறோம். நாம் ஊரில் இல்லாத நாளில் அந்த நாற்காலியில் உட்காருபவன்தான் தாங்குகிறான்.

திரும்பி வந்து அறுபது பக்கத்துக்கு ஒரு நோட்டு எழுதினேன். எந்த ஃபைல் எங்கே, எது நின்றால் எதைத் தட்ட வேண்டும், எல்லாம் தமிழில். பையன் முழுக்கப் படித்தான். "நல்லாத்தான் இருக்குதுங்ணா. ஆனா இதுல எழுதாத ஒண்ணு வந்தா?"

என்னிடம் பதில் இல்லை. "நீயா இருந்தா என்ன போடுவ?" என்று கேட்டேன். அவன் தயங்கினான். என் மனசு நோகும் என்று தெரிந்தே தயங்கினான். பிறகு, "டெபியன் போட்டுரலாங்ணா" என்றான்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றினோம். அவன் தட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பழைய டிஸ்க்குகளை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அவற்றில் இன்னும் ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது, என் போட்டோக்களைச் சுமந்துகொண்டு. வீட்டில் அது நின்றுபோனால் எனக்கு மட்டும்தான் தொல்லை.

நான் வேலையை விடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால், ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனேன். "நேத்து ராத்திரி கரண்ட் போயி சர்வர் எந்திரிக்கவே இல்லீங்ணா. ரெண்டு மணி ஆயிருச்சு சரி பண்றதுக்கு" என்று பையன் டீயைக் குடித்தபடி சொன்னான்.

போனை எடுத்துப் பார்த்தேன். ஒரு மிஸ்டு கால்கூட இல்லை.