விடியாத கதைக்கு நான்கு நாள் அவகாசம்

பிரபாத் என்றால் விடியல். கொம்பு ஊதும் பெண்ணைச் சின்னமாகக் கொண்ட பிரபாத் ஃபிலிம் கம்பெனி 1929-ல் கோலாப்பூரில் பிறந்து, 1933-ல் புனேவுக்குக் குடிபெயர்ந்தது. 'சந்த் துக்காராம்' (1936) உருவானது இங்கேதான். கம்பெனி மறைந்தது, லா காலேஜ் சாலையில் அதன் ஸ்டுடியோ வளாகம் மிஞ்சியது. 1960-ல் மத்திய அரசு அதில் திரைப்படப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது.

வளாகத்தின் கோயில் என்றால் ஒரு மாமரம்தான். மாணவர்கள் அதை 'ஞான மரம்' என்பார்கள். அறுபதுகளில் இங்கே ஆசிரியராக இருந்த ரித்விக் கட்டக் அதன் நிழலில் பாடம் நடத்தியதாகச் சொல்லாதவர்கள் இல்லை. பாலு மகேந்திரா ஒளிப்பதிவு படித்ததும் இந்த வளாகத்தில்தான். ஆனால் புகழெல்லாம் சினிமாப் பிரிவுக்கு. 1974-ல் டில்லியிலிருந்து இங்கு மாற்றப்பட்ட டெலிவிஷன் பிரிவு, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொள்ளும் தம்பி மாதிரி. படிப்பே ஒரு வருடம்தான். ஆண்டு முடிவில் இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி ஆகிய நான்கு துறைகளிலிருந்தும் ஆளுக்கொருவர் சேர்ந்து ஒரு படம் எடுக்கவேண்டும்.

அப்படிச் சேர்ந்த நால்வர்: சிதானந்த நாயக், சூரஜ் தாக்கூர், மனோஜ் வி., அபிஷேக் கதம். இயக்குநரான நாயக் மைசூரில் மருத்துவம் படித்தவர். அவர் கையில் இருந்தது சிறு வயதிலிருந்தே சுமந்துவந்த ஒரு கர்நாடக நாட்டார் கதை. கிழவி ஒருத்தி ஊரின் சேவலைத் திருடிவிடுகிறாள். சூரியன் உதிக்க மறுக்கிறது. எடுக்க வேண்டாம் என்றுதான் தனக்குச் சொல்லப்பட்டது என்று நாயக் பின்னர் பேட்டியில் கூறினார். சொன்னவர்களைக் குறை கூற முடியாது. படப்பிடிப்புக்குக் கிடைத்தது நான்கே நாள். கதையோ முழுக்க இருட்டு.

இருட்டைப் படமாக்குவதற்குத்தான் வெளிச்சம் அதிகம் தேவைப்படும். பகலில் சூரியன் இலவசமாகச் செய்யும் வேலையை இரவில் விளக்கு விளக்காக வைத்துச் செய்யவேண்டும். ஜெனரேட்டரைப் பக்கத்தில் நிறுத்தினால் ஒலிப்பதிவு கெடும். தள்ளி நிறுத்தினால் கேபிள் இழுத்தே பாதி இரவு போய்விடும். கீழ்வானம் வெளுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது. கதையில் வராத சூரியன், படப்பிடிப்பில் மட்டும் நேரம் தவறாமல் வந்துவிடும்! போதாக்குறைக்கு ஒரு சேவல் வேறு. எந்த டைரக்டரின் 'ஆக்‌ஷ'னுக்கும் அது கட்டுப்படாது.

எடிட்டிங் அறையில் சிக்கல் வேறு மாதிரி. ஸ்டீன்பெக் மேஜையில் ஃபிலிமை வெட்டி ஒட்டிய காலமானாலும் சரி, கம்ப்யூட்டர் காலமானாலும் சரி, நேரம் கடந்ததைக் காட்ட எடிட்டர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. ஒரு காலைக் காட்சி, ஒரு அந்தி வானம், அடுத்த நாள் வந்துவிட்டது. விடியாத ஊரில் அந்த வசதி கிடையாது. ஒரு இரவுக் காட்சிக்கும் அடுத்த இரவுக் காட்சிக்கும் நடுவே எவ்வளவு நேரம் போனது என்பதை முகங்களும் ஒலியும்தான் சொல்லியாகவேண்டும். படத்தின் மொத்த நீளம் சுமார் 16 நிமிடம். தடுமாற இடமில்லை.

'சூரியகாந்திப் பூக்களுக்குத்தான் முதலில் தெரிந்தது' என்ற பொருள்படும் பெயருடன் அந்தக் கன்னடப் படம் 2024-ல் கான் விழாவுக்குப் போனது. அங்கே மாணவர் படங்களுக்கான 'லா சினெஃப்' போட்டிக்கு உலகெங்குமுள்ள 555 திரைப்படப் பள்ளிகளிலிருந்து 2,263 படங்கள் வந்திருந்தன. தேர்வானவை 18. முதல் பரிசு, 15,000 யூரோ, இந்தப் படத்துக்கு. 2020-ல் இதே பரிசை இந்த வளாகத்து மாணவி அஷ்மிதா குஹா நியோகியின் 'கேட்டாக்' வாங்கியிருந்தது. டெலிவிஷன் பிரிவின் ஒரு வருடப் படிப்புக்கு வந்தவர்கள் இவ்வளவு தூரம் போவார்கள் என்று யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. ஆஸ்கர் குறும்படப் பிரிவில் போட்டியிடும் தகுதியையும் கிழவியின் சேவல் பெற்றது.