இரக்க அன்னையின் ஆற்றங்கரையில் மூன்று இரவுகள்

பயணம் என்பது புறப்படும் நாளில் தொடங்குவதன்று. வீட்டார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து அதைப் பற்றிப் பேசும் நாளிலேயே அது தொடங்கிவிடுகிறது. வேளாங்கண்ணிக்கு நடைப்பயணமாகச் செல்லும் குடும்பங்கள் இதனை நன்கு அறியும். யார் எந்த மூட்டையைச் சுமப்பது, முதியோரை எவ்வாறு அழைத்துச் செல்வது, எங்கே தங்குவது என்று பேசி முடிப்பதற்குள்ளாகவே ஒருவரையொருவர் புதிதாக அறிந்துகொள்கிறோம். கடல் கடந்த ஒரு நாட்டில், கோடையின் தொடக்கத்தில் நாங்கள் மேற்கொண்ட கூடாரப் பயணமும் எனக்கு இதே பாடத்தைக் கற்பித்தது. அதனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் மகன் அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில் குடும்பத்துடன் வாழ்கிறான். நானும் என் மனைவியும் மே மாதம் அங்கே செல்வதாக இருந்தோம். பொங்கல் விடுமுறையில் ஒருநாள், சனவரி 15ஆம் தேதி இரவு எட்டரை மணிக்கு அவனிடமிருந்து தொலைபேசி வந்தது. "அப்பா, இடம் கிடைத்துவிட்டது! சூன் முதல் வாரத்தில் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் மூன்று இரவுகள்!" என்றான். அங்கே அப்போது காலை ஏழு மணி. மே 15 முதல் சூன் 14 வரையிலான நாட்களுக்குரிய முகாம் இடங்களைச் சனவரி 15 அன்று காலை ஏழு மணிக்குத்தான் கணினி வழியே திறக்கிறார்கள். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ நாற்பது இலட்சம் மக்கள் வந்து செல்லும் பூங்கா அது. சில நிமிடங்களிலேயே இடங்கள் தீர்ந்துவிடும் என்பதால் மகனும் மருமகளும் ஆளுக்கொரு கணினியின்முன் காத்திருந்தார்களாம். ஓரிடத்தில் ஆறு பேர் வரை தங்கலாம். பேரப்பிள்ளைகள் இருவரையும் சேர்த்தால் நாங்களும் சரியாக ஆறு பேர்.

கோடையின் தொடக்கத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சியரா நெவாடா மலைத்தொடரில் குளிர்காலத்தில் விழும் பனி, மே, சூன் மாதங்களில்தான் உருகி அருவிகளாக இறங்குகிறது. 2,425 அடி உயரத்திலிருந்து மூன்று கட்டங்களாக விழும் யோசெமிட்டி அருவி, அம்மாதங்களில் இடியோசையுடன் பொழியும். ஆகஸ்டில் சென்றால் பல ஆண்டுகளில் ஈரமான பாறையை மட்டுமே காணலாம்.

நாங்கள் அங்குச் சென்று சேர்ந்த மறுவாரம், உணவு மேசையின்மீது வரைபடத்தை விரித்து மகன் தன் திட்டத்தை விளக்கினான். முதல் நாள் வெர்னல் அருவிக்கு ஏறுவது. அறுநூறுக்கும் மேற்பட்ட கருங்கற் படிகள். இரண்டாம் நாள் அதைவிட உயரமான மற்றோர் ஏற்றம். மூன்றாம் நாள் இன்னொரு நெடும் நடை. அவன் கண்களில் ஆர்வம் ஒளிர்ந்தது. பேரனோ துள்ளிக் குதித்தான். உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தப் படிகளின்மீது ஆசை எழுந்தது. எழுபதை நெருங்கும் வயதில், இனி ஒருமுறை அந்த வாய்ப்பு வருமா?

என் மனைவி வரைபடத்தைப் பார்க்கவில்லை. தன் முழங்காலைத் தடவியபடியே, "நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள். நான் வீட்டில் இருந்துகொள்கிறேன். எனக்குச் செபமாலை இருக்கிறது" என்றாள்.

அவள் குரலில் கசப்பு இல்லை. அதுதான் என்னை வருத்தியது. எத்தனை ஆண்டுகளாக இப்படி அவள் பின்தங்கி நின்றிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தேன். பிள்ளைகளின் பள்ளிச் சுற்றுலாக்கள், உறவினர் வீட்டுத் திருமணங்கள், பங்கின் திருயாத்திரைகள் என எதிலும் யாரேனும் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்றால், அந்த ஒருவர் எப்போதும் அவளாகவே இருந்தாள். நாங்களும் அதனை இயல்பென்றே ஏற்றுக்கொண்டோம்.

மருமகள்தான் முதலில் பேசினாள்: "அத்தை வராவிட்டால் இது குடும்பப் பயணமே அன்று. வரைபடத்தைத் திருப்பி வையுங்கள், முதலிலிருந்து போடுவோம்."

அவ்வாறே போட்டோம். இம்முறை எங்கள் கேள்வி மாறியது. எவ்வளவு உயரம் ஏறலாம் என்பதை விட்டு, அறுவரும் சேர்ந்து எங்கெல்லாம் செல்லலாம் என்று தேடினோம். தேடியபோது எத்தனையோ கிடைத்தன! யோசெமிட்டி அருவியின் அடிவாரத்துக்கு ஒரு மைல் அளவே உள்ள வட்டப்பாதை. அதன் கிழக்குப் பகுதி சக்கர நாற்காலியும் செல்லத்தக்க சமதளம். பள்ளத்தாக்கின் உள்ளே கட்டணமின்றி ஓடும் பேருந்து. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து 3,200 அடி உயரத்தில் நிற்கும் கிளேசியர் முனைக்குக் காரிலேயே செல்லும் சாலை. பனி அகற்றப்பட்டு, பெரும்பாலும் மே மாத இறுதிக்குள் திறந்துவிடுவார்கள். ஒரு நாள் காலை மட்டும் மகனும் பேரனும் படிகளில் ஏறுவது என்றும், நான் மனைவியோடு இருப்பது என்றும் முடிவாயிற்று. அந்த முடிவை நானே கேட்டுப் பெற்றேன். படிகளை விட்டுக்கொடுக்க மனம் சற்று வலித்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்து மூட்டை கட்டும் வேலை. பள்ளத்தாக்கு கடல்மட்டத்திலிருந்து 4,000 அடி உயரத்தில் உள்ளது. கொடைக்கானலின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல். சூன் மாதப் பகலில் வெயில் காயும். இரவிலோ பத்துப் பாகை அளவுக்குக் குளிர் இறங்கும். ஆகவே கம்பளி உடைகளும் தடித்த போர்வைகளும் இன்றியமையாதவை. விறகை வீட்டிலிருந்து கொண்டு செல்லாமல் அருகிலேயே வாங்க வேண்டும். விறகோடு செல்லும் பூச்சிகள் காட்டு மரங்களை அழித்துவிடக்கூடும்.

எல்லாவற்றினும் பெரிய ஒழுங்கு கரடியைப் பற்றியது. ஒவ்வொரு முகாம் இடத்திலும் இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். உணவு மட்டுமன்று, சோப்பு, பற்பசை, தைலம் என மணமுள்ள எதுவாயினும் அதனுள்ளே வைத்துப் பூட்ட வேண்டும். 1998ஆம் ஆண்டில் மட்டும் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கார்களை அங்குள்ள கருங்கரடிகள் உணவுக்காக உடைத்தனவாம். பெட்டிகளும் கண்டிப்பும் வந்தபின் அந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. ஒருமுறை மனிதர் உணவின் சுவை கண்ட கரடி அச்சத்தை இழக்கிறது. அச்சம் இழந்த கரடியை இறுதியில் கொல்ல நேர்கிறது. ஆக, அந்தப் பெட்டி நம்மைக் காப்பதைவிடக் கரடியையே அதிகம் காக்கிறது. நம் கவனக்குறைவு பிறிதோர் உயிருக்கு இடறலாகிவிடக்கூடும் என்பதைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

குறித்த நாளில் விடியற்காலையில் புறப்பட்டோம். வழியெங்கும் பெயர்கள் என்னை வியப்பில் ஆழ்த்தின. நாங்கள் புறப்பட்ட சான் ஹோசே, புனித சூசையப்பரின் பெயர் தாங்கிய நகரம். வழியில் கடந்த சான் ஹோவக்கின் ஆறு, தேவ அன்னையின் தந்தையாகிய புனித சுவக்கினுக்குரியது. பாட்டன்மாரின் பாதுகாவலர் அவர் என்பதால் நான் மனத்துள் அவருக்கு வணக்கம் செலுத்தினேன். பின்னர் மலைச்சாலை ஓர் ஆற்றின் கரையோடு ஏறத் தொடங்கியது. அதுதான் மெர்செட் ஆறு. 1806ஆம் ஆண்டு செப்டம்பரில், கப்ரியேல் மொராகா என்னும் ஸ்பானிய வீரரின் குழு, வறண்ட சமவெளியைக் கடந்து அதன் கரையை அடைந்தது. இரக்க அன்னையின் திருநாளாகிய செப்டம்பர் 24 கழிந்து சில நாட்களே ஆகியிருந்தன; ஆதலால் ஆற்றுக்கு அந்த அன்னையின் பெயரையே சூட்டினார்கள். சிறைப்பட்டோரை மீட்பதற்காகப் புனித பீட்டர் நொலாஸ்கோ 1218இல் தொடங்கிய துறவற சபையின் பாதுகாவலி அவ்வன்னை.

ஆயினும் அந்தப் பெயருக்கேற்ற இரக்கம் அக்கரையில் எப்போதும் நிலவவில்லை. பள்ளத்தாக்கில் நெடுங்காலமாக வாழ்ந்த அஹ்வானிச்சி மக்களை 1851இல் ஆயுதம் தாங்கிய படையொன்று விரட்டியது. அவர்கள் சேமித்து வைத்திருந்த ஓக்மரக் கொட்டைகளையும் தீக்கிரையாக்கியது. அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர். இரும்புப் பெட்டியில் எங்கள் புளியோதரையையும் ஊறுகாயையும் வைத்துப் பூட்டும்போது, எரிந்துபோன அந்த உணவை நினைத்துக்கொண்டேன். நாம் விருந்தினராகச் செல்லும் ஒவ்வோர் அழகிய இடமும் முன்னர் ஒருவருக்கு வீடாக இருந்தது என்பதை மறத்தலாகாது.

பள்ளத்தாக்கின் எழிலை எழுத்தில் வடிப்பது எளிதன்று. ஒருபுறம் தரையிலிருந்து 3,000 அடி செங்குத்தாக எழும் எல் கேப்பிட்டன் பாறை; தொலைவில், பாதியாக வெட்டிய குவிமாடம்போல் ஹாஃப் டோம். 1864இல் ஆபிரகாம் லிங்கன் இப்பள்ளத்தாக்கை மக்களுக்கென ஒதுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். சுற்றியுள்ள மலைகள் 1890இல் தேசியப் பூங்கா ஆயின. 1903ஆம் ஆண்டு மே மாதத்தில் குடியரசுத் தலைவர் தியடோர் ரூஸ்வெல்ட், இயற்கை ஆர்வலர் ஜான் மியூருடன் இங்கே மூன்று இரவுகள் திறந்த வெளியில் தங்கினார். ஓர் இரவு பெய்த பனி அவர்களுடைய போர்வைகளை மூடியது. மூன்றாண்டுகளுக்குப்பின் பள்ளத்தாக்கும் தேசியப் பூங்காவோடு இணைந்தது. நெருப்பைச் சுற்றி அமர்ந்து பேசும் பேச்சுக்கு அவ்வளவு வலிமை உண்டு போலும்!

இரண்டாம் நாள் காலை மகனும் பேரனும் படிகளை நோக்கிப் புறப்பட்டனர். கோடைத் தொடக்கத்தில் அழகும் ஆபத்தும் ஒன்றாகவே வருகின்றன. உருகிய பனிநீர் உயிரை உறையவைக்கும் குளிர் உடையது. அதன் விசையில் நீந்தத் தெரிந்தவரும் நிலைகுலைவர். நனைந்த பாறை கண்ணாடிபோல் வழுக்கும். "அருவிக்கு மேலே உள்ள நீரில் ஒரு காலும் வைக்கக்கூடாது" என்று பேரனிடம் உறுதி வாங்கிக்கொண்டே அனுப்பினோம்.

நானும் என் மனைவியும் யோசெமிட்டி அருவிக்கு எதிரே ஓர் இருக்கையில் அமர்ந்தோம். நீர்த்துளிகள் காற்றில் மிதந்து வந்து முகத்தில் விழுந்தன. அவள் செபமாலையை எடுத்தாள், ஆனால் தொடங்கவில்லை. நெடுநேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "வீட்டில் இருந்திருந்தால் இதை நீங்கள் எனக்குப் படத்தில் காட்டியிருப்பீர்கள், நானும் நன்றாயிருக்கிறது என்று சொல்லியிருப்பேன்" என்றாள். நான் விடை கூறவில்லை. கூறத்தக்க விடை என்னிடம் இல்லை.

அன்று மாலை கிளேசியர் முனையில் நின்று, மகனும் பேரனும் ஏறிய வெர்னல் அருவியை நாங்கள் மேலிருந்து கண்டோம். "பாட்டி, நான் அங்கேதான் நின்றேன்!" என்று பேரன் கைநீட்டிக் காட்டினான். ஏறியவர்களும் ஏறாதவர்களும் ஒரே இடத்தில் நின்று ஒரே காட்சியைக் கண்டோம்.

அன்றிரவு ஒரு சிறு நிகழ்ச்சி. நள்ளிரவில் கண்விழித்த என் மனைவி, உறங்கும் பேரனின் சட்டைப்பையில் இரண்டு கடலை மிட்டாய்கள் இருப்பதைக் கண்டாள். ஊரிலிருந்து அவளே கொண்டுவந்தவை. அக்குளிரில் போர்வையைப் போர்த்துக்கொண்டு, வலிக்கும் காலுடன் நடந்து சென்று, அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திரும்பினாள். காலையில் செய்தியறிந்த மகன் தாயின் கைகளைப் பற்றிக்கொண்டான். அவனும் எதுவும் பேசவில்லை.

அன்பர்களே, நீங்கள் செல்லும் இடம் யோசெமிட்டியாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊர் மலையாகவோ, அருகிலுள்ள திருத்தலமாகவோ இருக்கலாம். ஆனால் திட்டமிட அமரும்போது, "நான் வீட்டில் இருந்துகொள்கிறேன்" என்று மெல்லச் சொல்பவர் யாரெனக் கவனியுங்கள். அவருடைய நடையின் வேகத்தையே உங்கள் பயணத்தின் வேகமாகக் கொள்ளுங்கள். இறைவன் படைத்த அழகு எங்கும் ஓடிப்போவதில்லை. நாம் மெல்லச் சென்றாலும் அது நமக்காகக் காத்திருக்கும்.