முதல் பாடம் விழுவது

டொரண்டோவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். புதிதாகக் குடியேறிய குடும்பங்களோடுதான் என் வேலை. வீட்டு வாடகை, மருத்துவர், பள்ளிச் சேர்க்கை என்று எல்லாவற்றையும் விசாரித்து முடித்தபின், குளிர்காலம் நெருங்கும்போது சில அம்மாக்கள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்பார்கள்: "ஸ்கூல்ல பிள்ளைங்கள ஐஸ் ஸ்கேட்டிங் கூட்டிட்டுப் போறாங்களாம். இவனுக்கு நிக்கக்கூடத் தெரியாதே, என்ன பண்றது?"

இங்கே ஸ்கேட்டிங் தெரியாமல் இருப்பது, நம் ஊரில் சைக்கிள் ஓட்டத் தெரியாமல் இருப்பது போல. யாரும் அடிக்கமாட்டார்கள், திட்டமாட்டார்கள். ஆனால் கூட்டமாக எல்லோரும் போகும்போது நீங்கள் மட்டும் ஓரமாக நின்று மற்றவர்களின் பைகளைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதற்கு நகராட்சி ஒரு எளிய ஏற்பாடு வைத்திருக்கிறது. பள்ளிக்கே போகாத குழந்தை முதல் ஓய்வுபெற்றவர் வரை, எல்லா வயதினருக்கும் தொடக்கநிலைக் குழு வகுப்புகள். வருமானம் குறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பல குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்த பிறகு, என் 34ஆவது வயதில் நானும் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன்.

அங்கே முதலில் சொல்லிக்கொடுப்பது சறுக்குவதை அல்ல, விழுவதை. முழங்காலை மடக்கு, பக்கவாட்டில் உட்காருவதுபோல் சாய், விரல்களை மூடிக்கொள். பின்னால் வருகிறவரின் பிளேடு விரலில் ஏறிவிடக் கூடாது. பிறகு எழுவது: மண்டியிடு, ஒரு காலை முன்னே ஊன்று, கையால் தள்ளி எழு. இதைப் பலமுறை செய்த பின்தான் நடை. நடை பழகியபின் சறுக்கல். கடைசியாக, குதிகால்களை வெளியே தள்ளி நிற்கும் வித்தை. தொடக்கநிலையில் ஹெல்மெட் கட்டாயம். காலைப் பார்க்காதே, எதிரே பார் என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருப்பார்.

எங்கள் வகுப்பில் கல்லூரி மாணவர் இருந்தார், டாக்சி ஓட்டுநர் இருந்தார், பேரனோடு ஸ்கேட் செய்ய ஆசைப்பட்ட பாட்டி இருந்தார். எல்லோரும் விழுந்தோம். ரிங்கின் மறுபாதியில், கூம்புகளுக்கு அந்தப் பக்கம், ஐந்து வயதுப் பிள்ளைகள். அவர்களும் விழுந்தார்கள், எங்களைவிட வேகமாக எழுந்தார்கள்.

விழுந்து கிடந்தபோதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. ரிங்கில் லாவகமாகச் சுற்றுகிறவர்களைப் பார்த்தால், இது பிறவியிலேயே வந்தது என்று தோன்றும். அவர்களில் பெரும்பாலானவர்கள் மூன்று நான்கு வயதில் அப்பாவின் கையைப் பிடித்து விழுந்து எழுந்தவர்கள். அது நடந்ததை அவர்களே மறந்திருப்பார்கள். நம் நாட்டில் 'தகுதி, திறமை' என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராகப் பேசுகிறவர்களிடமும் நான் பார்ப்பது இந்த மறதியைத்தான். யார் கையைப் பிடித்து, யார் செலவில், எத்தனை வயதில் பழகினார்கள் என்ற கணக்கு அவர்கள் நினைவில் இருப்பதில்லை.

எனக்கு நீச்சல் தெரியாது. எங்கள் ஊரில் பம்புசெட் கிணறுகளுக்குக் குறைவில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகள் கோடை விடுமுறை முழுக்க அதில் குதித்துக்கொண்டிருப்பார்கள். காலனிப் பிள்ளைகள் வரப்பில் நின்று பார்க்கலாம், இறங்கக் கூடாது. பள்ளியில் நீச்சல் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள் என்று ஆசிரியர் கேட்டபோது எந்தப் பக்கத்துக் கைகள் உயர்ந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஐஸுக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோருக்கு 1919இல் டொரண்டோவில் பிறந்தவர் ஹெர்ப் கார்னகி. உறைந்த குளத்தில் ஸ்கேட்டிங் பழகி, கியூபெக்கில் பெயர்பெற்ற ஹாக்கி வீரர் ஆனவர். ஆனால் தேசிய ஹாக்கி லீக் அவருக்குக் கடைசிவரை திறக்கவில்லை. அந்த லீக்கில் முதல் கறுப்பின வீரராக வில்லி ஓ'ரீ களமிறங்கியது 1958இல்தான். கார்னகி 1950களில் இளைஞர்களுக்காக ஒரு ஹாக்கிப் பள்ளியைத் தொடங்கினார். 2012இல் இறந்தார்; ஹாக்கிப் புகழரங்கில் இடம் கிடைத்தது 2022இல். இன்று டொரண்டோவின் நார்த் யார்க் பகுதியில் ஒரு ரிங்கே அவர் பெயரில் இருக்கிறது.

அமெரிக்காவில் மேபல் ஃபேர்பேங்க்ஸ். 1930களில் நியூயார்க் ரிங்கில் கறுப்பினப் பெண் என்பதால் திருப்பி அனுப்பப்பட்டவர். பிற்காலத்தில் பயிற்சியாளர் ஆனார். அவரிடம் பயின்ற அடாய் வில்சன் 1966இல் அமெரிக்க தேசியப் பட்டம் வென்றார். கதவு மூடப்பட்ட இருவருமே பிறருக்குக் கற்றுக்கொடுப்பவர்களாக மாறினார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பொதுக் களம் இருந்தால் சாதி தானாகக் கரையும் என்று நான் சொல்லவரவில்லை. எங்கள் வகுப்பில் தமிழ் பேசும் அக்கா ஒருவர் இருந்தார். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே, "ஊர்ல எந்தத் தெருமா நீங்க?" என்றார். "காலனிக்கா" என்றேன். "ஓ" என்றார். அதற்குப்பின் பேச்சு குறைந்தது. அடுத்த வாரம் இருவர் இருவராகக் கைபிடித்துச் சறுக்கச் சொன்னார் பயிற்சியாளர். எனக்கு ஜோடி அந்த அக்காதான். இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விழப்போகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. இருவரும் கையுறை போட்டிருந்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐஸை விட்டு இறங்கியதும் பழைய மௌனம் திரும்பிவிட்டது. டொரண்டோ மாவட்டப் பள்ளி வாரியம் 2023 மார்ச் 8 அன்று சாதி ஒடுக்குமுறை இங்கும் இருக்கிறது என்று ஏற்று வாக்களித்ததன் பொருள் என்னவென்று அந்த "ஓ"வில் எனக்குப் புரிந்தது.

ஆனாலும் அந்த வகுப்பை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்குத் திறக்க 1923இல் பம்பாய் சட்ட மேலவை தீர்மானம் போட்டது. 1924இல் மகாட் நகராட்சியும் அதை ஏற்றது. இருந்தும் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மக்களோடு நடந்துபோய் சவ்தார் குளத்தில் நீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அனுமதி காகிதத்தில் கிடைக்கலாம். கூட்டமாக இறங்கிப் பழகினால்தான் அந்த இடம் நமதாகும்.

தோழர்களே, காலனியில் மாலைநேரப் பாடசாலை நடத்துகிற உங்களில் பலருக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். பிள்ளைகளுக்கு மட்டும் என்று நிறுத்திவிடாதீர்கள். ஐம்பது வயது அம்மாவுக்கு ஸ்கூட்டர், அறுபது வயது அப்பாவுக்கு வங்கிச் செயலி, படிப்பை விட்ட தங்கைக்கு நீச்சல். தனியாகக் கற்கும்போது வெட்கம் தின்றுவிடும். பத்துப்பேர் சேர்ந்து தடுமாறினால் சிரிப்புதான் வரும். "இந்த வயசுல எனக்கு எதுக்கு?" என்று அவர்கள் கேட்பார்கள். சின்ன வயதில் யாரும் சொல்லித்தரவில்லை, அதனால்தான் என்று சொல்லுங்கள்.